‘மருந்து’ தின்ற நாய்

(மூன்றாமாண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

முன்னுரை

நம் தமிழில் ஒரு விந்தையான வழக்கு உண்டு. நோயைத் தீர்ப்பதும் மருந்து. உயிரைப் போக்குவதும் மருந்து. எலியைக் கொல்வது எலி மருந்து. மூட்டைப்பூச்சியைக் கொல்வது மூட்டைப்பூச்சி மருந்து. வயலில் தெளிப்பது பூச்சி மருந்து. ஊரில் ஒருவர் நஞ்சருந்தி மாண்டார் என்பதைக்கூட, ‘மருந்தைக் குடித்துவிட்டார்’ என்றே சொல்லுகிறோம். சொல் இனிதாக இருப்பதால் பொருளின் கொடுமை மறந்துபோகிறது. அடுக்களை அலமாரியில் உப்புக்கும் சர்க்கரைக்கும் பக்கத்திலேயே அதற்கும் ஓர் இடம் கொடுத்துவிடுகிறோம்.

வீட்டுப் பூச்சிகளுக்கென்று வாங்கிய நஞ்சை வீட்டு நாய் தின்றுவிட்டால் என்ன செய்வது? இதுவே இக்கட்டுரையின் பொருள். விலங்கியல் பயிலும் மாணவி என்பதால் மட்டும் இதை நான் எழுதப் புகவில்லை. இரண்டு நாய்கள் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இது. ஒன்று இறந்து கற்பித்தது. மற்றொன்று பிழைத்துக் கற்பித்தது.

மணி இறந்த கதை

2016ஆம் ஆண்டு, நான் ஆறாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் மணி என்றொரு நாட்டு நாய் இருந்தது. அடுக்களையில் கரப்பான் தொல்லை மிகுந்ததால், அப்பா ஒரு கடையில் பொடி வாங்கி வந்தார். பழைய செய்தித்தாளில் மடித்த பொட்டலம் அது. பெயரும் இல்லை, விவரமும் இல்லை. ‘இதைப் போட்டால் ஒன்றும் நிற்காது’ என்று கடைக்காரர் சொன்னதுதான் அதற்கு இருந்த ஒரே லேபிள். அப்பா அதைக் கடலை மாவிலும் வெல்லத்திலும் பிசைந்து, ஒரு கொட்டாங்கச்சியில் வைத்து ஆட்டுக்கல்லின் பின்னே ஒதுக்கி வைத்தார்.

மறுநாள் காலை பத்து மணியளவில் மணி கொட்டாங்கச்சியை நக்கிக்கொண்டிருந்தது. அரை மணிக்குள் அதன் வாயிலிருந்து எச்சில் நூல் நூலாய் வழிந்தது. வாந்தியும் பேதியும் கண்டன. தோலுக்கடியில் தசைகள் துடித்தன.

அப்பத்தா, “உப்புத் தண்ணியைக் கரைச்சு ஊத்துங்கடா, எல்லாம் வெளியே வந்திரும்” என்றார். பக்கத்து வீட்டு மாமா, “நல்லெண்ணெய் கொடுங்க, நஞ்சு முறிஞ்சிரும்” என்றார். இரண்டையும் செய்தோம். மணி திமிறியது. அதன் வாயைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தவள் நான்.

இவ்வாறு இரண்டு மணி நேரம் கழிந்தது. பிறகுதான் மொபெட்டில் வைத்து எட்டுக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம்.

மருத்துவர் நாயைத் தொடும்போதே கேட்டார். “என்னத்தைத் தின்னுச்சு?”

“பூச்சி மருந்து, சார்.”

“எந்தப் பூச்சி மருந்து?”

அப்பாவிடம் விடையில்லை.

“எவ்வளவு? எப்போ?”

அவற்றுக்கும் தடுமாற்றமான விடைகளே கிடைத்தன. மருத்துவர் கண்பாவையைப் பார்த்தார். அது ஊசிமுனை போல் சுருங்கியிருந்தது. அறிகுறிகளைக் கொண்டு ஒருவாறு ஊகித்து ஊசி போட்டார். பின்பு நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டவர், “நுரையீரல்ல தண்ணி போயிருக்கே, யாரு ஊத்தினது?” என்றார். அப்பா பேசவில்லை. நான் என் கைகளைப் பாவாடையில் மறைத்துக்கொண்டேன். மாலை மூன்று மணிக்கு மணி இறந்தது. நஞ்சு பாதி, நாங்கள் செய்த வைத்தியம் பாதி என்று அவர் அப்பாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது.

ஒரு சொல்லுக்குள் பல நஞ்சுகள்

‘பூச்சி மருந்து’ என்பது ஒரு பொருளின் பெயரன்று. ஒரு கூட்டத்தின் பெயர். அக்கூட்டத்தில் உள்ளவை ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறானவை. ஒன்றுக்குரிய சிகிச்சை மற்றொன்றுக்குப் பயன்படாது. வீடுகளில் காணப்படுவனவற்றை இவ்வாறு வகைப்படுத்தலாம்.

முதலாவது, கரிமப் பாஸ்பரஸ் நஞ்சுகளும் கார்பமேட் நஞ்சுகளும். கரையானுக்குப் பயன்படும் குளோர்பைரிபாஸ், கொசு ஒழிப்பில் தெளிக்கப்படும் மாலத்தியான் ஆகியவை கரிமப் பாஸ்பரஸ் வகை. கரப்பானுக்கு வைக்கும் சில இரைகளில் உள்ள புரோபாக்சர் கார்பமேட் வகை. நாய்க்கு மிகுந்த ஆபத்து விளைப்பவை இவையே.

இரண்டாவது, பைரித்ராய்டுகள். சாமந்திக் குடும்பத்தைச் சேர்ந்த பைரித்திரம் என்னும் செடியின் பூவிலிருந்து கிடைத்த பொருளைப் பார்த்து, ஆய்வுக்கூடத்தில் செய்தவை இவை. 1949இல் உருவான அல்லத்ரின் இவற்றில் முதலாவது. கொசுவர்த்திச் சுருள், மின்சாரக் கொசுவிரட்டித் திரவம், கரப்பான் சாக்கட்டி, தெளிப்பான் டப்பாக்கள் ஆகியவற்றில் பெரும்பாலும் இருப்பவை இவ்வகையினவே. நாயின் உடல் இவற்றை ஓரளவு விரைவாகச் சிதைத்து வெளியேற்றிவிடும். பூனைக்கு அந்த ஆற்றல் மிகக் குறைவு. நாயின் உண்ணிக்கெனத் தோலில் விடும் பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்கு விட்டால் அதன் உயிருக்கே ஆபத்து நேரும்.

மூன்றாவது, கரப்பான் பசைகள். இவற்றில் பிப்ரோனில் அல்லது இமிடாகுளோபிரிட் சிறிய அளவில் கலந்திருக்கும். பூச்சியின் நரம்பைப் பற்றுவதுபோல் இவை பாலூட்டியின் நரம்பை எளிதில் பற்றுவதில்லை. ஒரு துளிப் பசையை நக்கிய நாய்க்குப் பெரும்பாலும் பெருந்தீங்கு நேராது.

நான்காவது, போரிக் அமிலப் பொடி. சிறிதளவு தின்றால் எச்சிலும் வாந்தியும் காணும். மிகுதியாகத் தின்றால் சிறுநீரகம் கெடும்.

ஐந்தாவது, அந்துருண்டை. நாப்தலீனால் ஆன உருண்டையை நாய் விழுங்கினால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையலாம். இதன் விளைவு சில நாள் கழித்தும் வெளிப்படலாம். ஆகவே, ‘நேற்றுத் தின்றது, இன்று ஓடியாடுகிறதே’ என்று வாளாவிருத்தல் கூடாது.

ஆறாவது, பரண்மேல் கிடக்கும் பழைய டப்பாக்கள். பி.எச்.சி. என்னும் கரிமக் குளோரின் பொடி நம் நாட்டில் 1997இல் தடை செய்யப்பட்டது. டைகுளோர்வாஸ், போரேட் முதலியவற்றுக்கு 2018இல் பிறந்த ஆணையின்படி 2020ஆம் ஆண்டின் முடிவோடு முழுத் தடை வந்தது. சட்டம் தடுத்தாலும், பரணில் ஏறிய டப்பா தானாக இறங்கிப் போவதில்லை.

நரம்பில் நிகழ்வது என்ன?

மணியின் உடலில் நடந்தது யாது என்பதை உடற்செயலியல் வகுப்பில்தான் நான் விளங்கிக்கொண்டேன்.

நரம்பின் முனையில் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் சுரக்கிறது. அது தசைக்கோ சுரப்பிக்கோ ‘வேலை செய்’ என்று செய்தி சொல்லுகிறது. செய்தி சொல்லி முடிந்ததும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்னும் நொதி அதைச் சிதைத்துவிடும். அழைப்பு மணியின் பொத்தானை அழுத்திவிட்டுக் கையை எடுப்பது போன்றது இது. கரிமப் பாஸ்பரஸ் நஞ்சு அந்த நொதியைப் பற்றிக்கொண்டு செயலற்றதாக்கி விடுகிறது. பொத்தான் உள்ளேயே சிக்கிக்கொள்ள, மணி ஓயாமல் அடிக்கிறது. எச்சில் சுரந்துகொண்டே இருக்கும், கண்ணீர் வடியும், சிறுநீரும் மலமும் தாமே கழியும், கண்பாவை சுருங்கும், தசைகள் துடித்துத் துடித்துச் சோரும். மூச்சுக்குழலில் நீர் சுரந்து அடைக்க, மூச்சுத் தசைகளும் ஓய்ந்துவிட, இறுதியில் மூச்சு நிற்கும். 1936இல் ஜெர்மனியில் கெர்ஹார்டு ஷ்ராடர் என்னும் வேதியியலார் பூச்சிக்கொல்லி தேடிய ஆய்வில் இவ்வகைப் பொருளொன்றைக் கண்டார். அதுவே டேபுன் என்னும் போர் நச்சுப்பொருளாயிற்று. கரையானுக்குத் தெளிப்பதும் படைவீரனைக் கொல்ல வைத்திருந்ததும் ஒரு குடும்பத்துப் பிள்ளைகளே!

கார்பமேட்டும் அதே நொதியைத்தான் பற்றுகிறது. ஆனால் சில மணி நேரத்தில் தானே விட்டுவிடும். கரிமப் பாஸ்பரஸின் பிடியோ, காலம் செல்லச் செல்ல இறுகும்.

பைரித்ராய்டின் வழி வேறு. நரம்பிழையில் சோடியம் அயனிகள் நுழையும் வாயில்களை அது உரிய நேரத்தில் மூடவிடாமல் செய்கிறது. நடுக்கமும் எச்சிலும் இதிலும் உண்டு. பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம். மருந்து மட்டும் ஒன்றன்று.

மருத்துவர் செய்வது

கரிமப் பாஸ்பரஸ் நஞ்சு என்று தெரிந்தால் மருத்துவர் அட்ரோபின் ஊசி போடுவார். அசிட்டைல்கோலின் சுரப்பிகளில் செய்யும் அட்டகாசத்தை அது தடுக்கும்; மூச்சுக்குழல் வறண்டு காற்றுக்கு வழி கிடைக்கும். பிராலிடாக்சைம் என்னும் மற்றொரு மருந்து, நொதியைப் பற்றியிருக்கும் நஞ்சைப் பிரித்தெடுக்கும். பிடி இறுகுவதற்கு முன் கொடுத்தால்தான் அது பலன் தரும். பைரித்ராய்டுக்கோ தனி முறிமருந்து இல்லை. நடுக்கத்தை அடக்கி, உடல் வெப்பத்தைக் காத்து, நஞ்சு தானே வெளியேறும்வரை நாயைக் காப்பாற்றி வைத்திருப்பதே அதற்குரிய சிகிச்சை. வாந்தி வரச் செய்வதா, ஊக்குவித்த கரித்தூள் கொடுத்து நஞ்சைக் குடலிலேயே பிடித்து நிறுத்துவதா என்பதையும் மருத்துவரே முடிவு செய்வார்.

இங்கே ஒன்று கருதத் தக்கது. அட்ரோபின் பெல்லடோனா என்னும் நச்சுச் செடியிலிருந்து கிடைப்பது. நம் ஊர் ஊமத்தையிலும் அது உண்டு. அதற்காக ஊமத்தையைக் கசக்கி ஊற்ற எவரும் துணிய வேண்டா. உயிர் காக்கும் அளவுக்கும் உயிர் போக்கும் அளவுக்கும் இடையே உள்ள எல்லையை மருத்துவரின் ஊசிக்குழல் அறியும். நம் உள்ளங்கை அறியாது. அளவுக்கு மிஞ்சினால் அமுதும் நஞ்சு என்பது நம்மவர் பழமொழி. அளவே நஞ்சைத் தீர்மானிக்கிறது என்று ஐரோப்பாவில் பாராசெல்சஸ் பதினாறாம் நூற்றாண்டில் கூறியதும் அக்கருத்தேயாகும்.

வீட்டார் செய்யத் தக்கவை

1. நாயை நஞ்சிலிருந்தும், நஞ்சை மற்ற விலங்குகள், குழந்தைகளிடமிருந்தும் உடனே அகற்றுக. நோவில் இருக்கும் நாய் தன்னை வளர்த்தவரையும் கடிக்கும்; அதை மறக்க வேண்டா.

2. மூன்று வினாக்களுக்கு விடை தேடுக. எதைத் தின்றது? எவ்வளவு தின்றது? எப்போது தின்றது? நாயின் எடையும் ஏறத்தாழத் தெரிந்திருந்தால் நன்று.

3. நஞ்சு இருந்த டப்பா, அட்டை, உறை எதுவாயினும் கையோடு எடுத்துக்கொள்க. நாய் வாந்தி எடுத்திருந்தால் அதில் சிறிது ஒரு குப்பியில் எடுத்துச் செல்க.

4. கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, புறப்பட்டுவிட்டதாகச் சொல்லுக. 1962 என்னும் கால்நடை உதவி எண்ணிலும் யோசனை கேட்கலாம். அழைப்புக்காகக் காத்திராமல் வண்டிக்கு ஏற்பாடு செய்க.

5. உடல்மேல் நஞ்சு பட்டிருந்தால், நாய் தெளிவாக இருக்கும் நிலையில், பாத்திரம் துலக்கும் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கழுவுக. இல்லையேல் அது தன்னையே நக்கி மேலும் நஞ்சுண்ணும். கழுவுகிறவர் கையுறை அணிய வேண்டும். கையுறை இல்லையெனில் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொள்ளலாம்.

6. நாய் மயங்கினால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயிலுள்ள எச்சில் வெளியே வடியுமாறு தலையைச் சற்றே தாழ்த்தி வைக்க.

7. அறிகுறி ஒன்றும் காணாவிடினும் மருத்துவரைக் கேட்காமல் இருக்க வேண்டா.

செய்யத் தகாதவை

உப்புத் தண்ணீர் ஊற்றுதல் கூடாது. இரத்தத்தில் சோடியம் மிகுந்து, அதுவே வலிப்பையும் சாவையும் வருவிக்கும். எண்ணெயும் பாலும் ஊற்றுதல் கூடாது. பல பூச்சிக்கொல்லிகள் கொழுப்பில் கரைபவை. எண்ணெய் நஞ்சை முறிப்பதற்கு மாறாக, அதை உடலுக்குள் அழைத்துச் செல்லக்கூடும். மயங்கிய நாய்க்கும் வலிப்புக் கண்ட நாய்க்கும் எதையும் வாய்வழி புகட்டுதல் கூடாது. அது இரைப்பைக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போகும். மண்ணெண்ணெய் போன்ற எண்ணெயில் கரைத்த நஞ்சாயின் வாந்தி வரச் செய்தலும் கூடாது. மேலேறி வரும்போது அது நுரையீரலில் புகுந்தால் கடுமையான அழற்சி உண்டாகும். அடுப்புக்கரி வேறு, மருத்துவர் தரும் கரித்தூள் வேறு; ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

கறுப்பி பிழைத்த கதை

2025ஆம் ஆண்டு விடுமுறையில் நான் வீட்டிலிருந்தேன். மணிக்குப் பின் பல்லாண்டு கழித்து வந்த கறுப்பி, கொசுவிரட்டித் திரவக் குப்பி ஒன்றைக் கடித்து உடைத்துவிட்டது. தரையெல்லாம் எண்ணெய். வாயோரம் நுரை. அம்மா பதறிப்போய் உப்பு டப்பாவை எடுத்தார். நாங்கள் எல்லோரும் அறிந்திருந்த ஒரே வைத்தியம் அதுதானே!

“அம்மா, உப்பை வையுங்க. எதையும் ஊத்த வேண்டாம். அந்த அட்டைப் பெட்டியை எடுத்துத் தாங்க” என்றேன். என் கைகள் நடுங்கியதை நான் மறைக்கவில்லை.

பெட்டியில் எழுதியிருந்தது: டிரான்ஸ்புளுத்ரின் 1.6 விழுக்காடு. குப்பி 45 மில்லி. தரையில் கொட்டியது போகக் கறுப்பியின் வயிற்றுக்குள் போனது மிகுந்தால் 10 மில்லி இருக்கலாம். அப்படியாயின் நஞ்சின் அளவு ஏறத்தாழ 160 மில்லிகிராம். கறுப்பியின் எடை 16 கிலோ. ஆக, கிலோ ஒன்றுக்கு 10 மில்லிகிராம். எலிகளில் இந்நஞ்சின் கொல்லும் அளவு கிலோவுக்கு 5,000 மில்லிகிராமுக்கும் மேற்பட்டது. எலியின் கணக்கு நாய்க்கு அப்படியே பொருந்தாது என்றாலும், அச்சத்தில் பாதி அக்கணக்கிலேயே கரைந்தது. மீதி அச்சம் அதைக் கரைத்திருந்த எண்ணெயைப் பற்றியது. வாந்தி எடுக்க வைத்திருந்தால் அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் போயிருக்கக்கூடும்.

வாயையும் காலையும் சோப்பிட்டுக் கழுவி, அரை மணிக்குள் மருத்துவமனை சேர்ந்தோம். மருத்துவர் கேட்பதற்கு முன்னரே பெட்டியை நீட்டினேன். அவர் படித்துவிட்டு, “வாந்தி எடுக்க ஏதும் கொடுத்தீங்களாம்மா?” என்றார். “இல்லை, சார்” என்றேன். ஒன்பது ஆண்டுக்கு முன் சொல்ல முடியாமற்போன விடை அது. இரவு முழுதும் லேசான நடுக்கம் இருந்தது. இருமல் வருகிறதா என்று கவனிக்கச் சொல்லியிருந்தார், வரவில்லை. மறுநாள் மாலை கறுப்பி சோறு தின்றது.

மணி தின்ற நஞ்சு இதனினும் கொடியது, அதை மறுப்பதற்கில்லை. எல்லாம் முறையாகச் செய்திருந்தாலும் அது இறந்திருக்கக்கூடும். ஆனால் அதற்கு ஒரு வாய்ப்பு இருந்தது. பெயரில்லாத பொட்டலமும் என் கையும் அதைக் குறைத்துவிட்டன.

லேபிளின் வரலாறு

நாம் கிழித்தெறியும் இந்த லேபிள் எளிதில் வந்ததன்று. 1958ஆம் ஆண்டு கேரளத்தில் பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லி கலந்த உணவை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன்பின் நடந்த விசாரணைகளின் பயனாகவே 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டமும், 1971இல் அதன் விதிகளும் வந்தன. பொருளின் பெயர், அளவு, நஞ்சு அறிகுறி, முதலுதவி, முறிமருந்து ஆகியவை அச்சிடப்பட வேண்டும் என்று ஏற்பட்டது. நஞ்சின் கடுமையைக் காட்ட முக்கோணத்தில் நிறமும் இடப்படுகிறது. சிவப்பு மிகக் கொடியது, அடுத்தது மஞ்சள், அதற்கடுத்தது நீலம், பச்சை குறைந்த நஞ்சு. எழுத்தறியாதவரும் அறியும் வண்ணம் செய்த ஏற்பாடு இது. நிறுத்துப் பொட்டலம் கட்டி விற்கும்போது நஞ்சு மட்டும் கைமாறுகிறது. மனித உயிர்களைப் பலிகொடுத்துப் பெற்ற அறிவு கடையிலேயே தங்கிவிடுகிறது.

முடிவுரை

மாணவ நண்பர்களே! இன்று மாலை வீடு திரும்பியதும் ஒன்று செய்யுங்கள். அடுக்களையையும் பரணையும் ஒருமுறை பாருங்கள். பெயரில்லாத பொட்டலம் இருந்தால் வீட்டாரிடம் காட்டுங்கள். சோடா குப்பியிலும் ஊறுகாய்ச் சாடியிலும் நஞ்சை ஊற்றி வைக்க விடாதீர்கள். வெல்லமும் மாவும் கலந்து வைத்தால், கரப்பானுக்குப் பிடிப்பது நாய்க்கும் குழந்தைக்கும் பிடிக்கும் என்பதைச் சொல்லுங்கள். அருகிலுள்ள கால்நடை மருத்துவமனையின் தொலைபேசி எண்ணை நாட்காட்டியின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது யாரும் ‘பூச்சி மருந்து’ என்று சொல்லுவதில்லை. ‘நஞ்சு’ என்றே சொல்லுகிறோம். அப்பத்தா மட்டும் சில வேளை பழக்கத்தில் ‘மருந்து’ என்பார். சொன்னதும் என்னைப் பார்த்துத் தாமே திருத்திக்கொள்வார்.